பதினோராம் குழியின் பனி

பிரட்டுக்கு முன்னால் எழுந்து பழகிய உடம்பு.
கொழுந்தை விட்டு ஏழு வருசமாகியும்
நாலரைக்கே கண் திறந்துவிடுகிறது.

இப்போது எனக்குப் பனி வழிக்கும் வேலை.
நுவரெலியா மைதானத்தில்
முன் ஒன்பது கிரீன் ஜெசிந்தாவுக்கு,
பின் ஒன்பது எனக்கு.
நீள மூங்கிலை வீசி வீசிப்
புல்லின் தலைத் தண்ணீரை உதற வேண்டும்.
பந்து நனைந்தால் வீரக்கோன் தொரை கத்துவார்.
கத்தினால் எனக்கு அரைப்பேர்.

சாமான் அறை மூலையில் கிடந்தது ஒரு ஏழாம் நம்பர்,
பிடித்தோல் உரிந்து, சைக்கிள் டியூப் சுற்றி.
கூடவே ஒரு பட்டர்.
பட்டர் என்றதும் பாணுக்குப் பூசுவது என்றுதான் நினைத்தேன்.
இது பித்தளை. ஒல்லி. பல்லி மாதிரித் தலை.

யாரும் சொல்லித்தரவில்லை,
பனி எழுதிக் காட்டியது.
பந்து உருண்டால் வெள்ளைப் பனியில்
கரும்பச்சையாய் ஒரு கோடு.
எங்கே சாய்ந்தது,
எங்கே தயங்கியது,
குழிக்கு ஒரு சாண் முன்னால்
எங்கே மனம் மாறியது, எல்லாம் அதில் இருக்கும்.
வாசிப்பேன். வழித்துவிடுவேன்.
மறுநாள் புதுச் சிலேட்டு.

பதினோரு வருசம் மட்டக்கம்பு வைத்துத்
தேயிலையின் தலை பார்த்தவளுக்குச்
சரிவு தெரியாதா?
பிதுருதலாகல மலைக்கு முதுகு காட்டித்தான்
தண்ணீர் ஓடும் இங்கே. பந்தும்.

மணிக்கட்டை அசைக்காதே, தோளால் ஆட்டு என்று
தொரைமார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.
கொழுந்து கிள்ளுகிறபோது
தோளையா ஆட்டினேன்?
ஒரு சின்ன ‘டக்’.
போதும்.

அந்த வெள்ளிக்கிழமை
கிரீனில் பாதி வழித்தாகிவிட்டது.
மீதிப் பாதிக்கு வெளியே, கரையில் பந்தை வைத்தேன்.
ஏழாம் நம்பர்.
ஒரு முழம் பறந்தது,
கிரீனுக்குள் ஓர் எட்டில் விழுந்தது,
அப்புறம் தன்பாட்டில் நடந்தது,
வளைந்தது,
உள்ளே.

ஆட்களின் சத்தம்.
ஆறு மணிகூட ஆகவில்லை!
வழித்த பக்கமாய் ஓடிப் பந்தை எடுத்துக்கொண்டு
சைப்ரஸ் மரத்தின் பின்னால் ஒதுங்கினேன்.
மூங்கில் அங்கேயே கிடக்கிறது.

வீரக்கோன் தொரை கோட்டைப் பார்த்தார்.
எங்கிருந்தோ வராமல்
கிரீனுக்கு நடுவில் ஒரு பொட்டாய்த் தொடங்கி
நேரே குழியில் முடிகிற கோடு.
“என்ன இது, வேல்முருகு?”

பை தூக்கும் வேல்முருகு கரையில் குனிந்தான்.
அங்கே என் பாதங்கள் இருந்தன.
ஒட்டி ஒட்டி, ஒரு கை அகலம்கூட இடைவெளி இல்லாமல்.
இடது பாதம் மட்டும் ஆழமாய்.
வலது பெருவிரலுக்கு நேரே பந்து இருந்த தடம்,
புல்லில் கீறல் இல்லை,
மண் தெறிக்கவில்லை.
எழுத்துக் கூட்டிப் படிப்பவன் மாதிரி
உதடு அசைய வாசித்தான்.
பிறகு சைப்ரஸ் மரத்தைப் பார்க்காமல் பார்த்தான்.

“முயல், தொரை.”

“செருப்பில்லாத முயலா?”

“முயலுக்கு ஏது தொரை செருப்பு.”

தொரை சிரிக்கவில்லை.
அதே இடத்தில் பந்தை வைத்தார்.
கரண்டி போல அகன்ற புதுக் கோலை எடுத்தார்.
பந்து வானத்துக்கு ஏறியது, அழகாய்த்தான்,
இறங்கி, குழியைத் தாண்டி,
மணல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.
வேல்முருகு இருமினான்.
இருமல்தானா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மைதானத்துக்கு லீவு.
எங்களுக்கு இல்லை.
பதினோராம் கிரீனுக்கு மூங்கிலோடு வந்தேன்.
எனக்கு முன்பே யாரோ.

கரையில் ஆணி வைத்த சப்பாத்துத் தடம்.
ஒரு பொட்டு. ஒரு கோடு.
குழிக்கு மூன்றடி முன்னால் களைத்து நின்றிருக்கிறது.
பக்கத்தில் இன்னொன்று, நாலடி.
இன்னொன்று.
இன்னொன்று.
இருட்டிலேயே வந்திருக்க வேண்டும் அந்த மனுசன்.

நின்று எல்லாவற்றையும் வாசித்தேன்.
கால் ரொம்ப அகலம்.
பாரம் வலப்பக்கம்.

கொங்காணியை இழுத்துச் சொருகிக்கொண்டு
மூங்கிலை வீசினேன்,
கடைசிக் கோட்டை மட்டும்
கொஞ்சம் மெதுவாய்.